வியாழன் மதியம் முதல் வெள்ளி மாலை வரை

நியாசர்
ஓர்திபெஹெஷ்த் 3, 1374

காலஞ்சென்ற என் தம்பி ஹெஷ்மத்துக்கு,

அக்கா தூரான் எழுதுவது. முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன், கோபப்படாதே. நீ செத்துப்போய்விட்டாய் என்று இங்கே வாடகைக்குத் தங்க வருகிறவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

திட்டம் போட்டுச் சொல்லவில்லை. மாடி அறையில் நீ பட்டாளத்தில் எடுத்த போட்டோ தொங்குகிறதே, மீசையும் முறைப்புமாக, அதைப் பார்த்துவிட்டு, இங்கே அடிக்கடி வந்து தங்குகிற இஸ்ஃபஹான் டீச்சரம்மா இது யார் என்று கேட்டாள். தம்பி என்றேன். இங்கே வருவதில்லையா என்றாள். எனக்கு அன்றைக்கு உன்மேல் என்ன கடுப்போ, "அவனை ஆண்டவன் சின்ன வயசுலயே கூட்டிக்கிட்டான்" என்று வாயில் வந்துவிட்டது. அவள் அங்கேயே நின்று உனக்காக ஃபாத்திஹா ஓதினாள். அடுத்த வாரம் வரும்போது, செத்தவர்களுக்குச் செய்கிற மாதிரி உன் பெயரில் அல்வா கிளறிக் கொண்டுவந்தாள். குங்குமப்பூ தாராளமாகப் போட்டிருந்தாள். அதைச் சாப்பிட்ட பிறகு உன்னை எப்படி உயிரோடு எழுப்புவது? அப்படியே விட்டுவிட்டேன்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. போன வியாழக்கிழமை ஓர் ஆள் தனியாக வந்து தங்கினான்.

வாரக் கடைசிக்கு வருகிற தெஹ்ரான்காரர்களை எனக்கு நன்றாகத் தெரியும். வியாழன் மதியம் சஃபரின் மினிபஸ்ஸில் இறங்குவார்கள். இந்த ஊரில் எதுவுமே கிடைக்காது என்பதுபோலத் தர்பூசணி, விரிப்பு, அடுப்பு, பந்து என்று சுமந்து வருவார்கள். முதல் ஒரு மணி நேரம், ஐயோ என்ன அமைதி என்பார்கள். சாயங்காலம் ஆனதும், இங்கே பொழுதுபோக எதுவும் இல்லையா என்பார்கள். வண்டிச் சத்தம் இல்லாமல் தூக்கம் வராது. மறுநாள் அருவித் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் காலை விட்டுக்கொண்டு நாள் முழுக்கத் தின்பார்கள். வெள்ளி மாலை கிளம்பும்போது, பெற்ற தாயை விட்டுப் போவதுபோல மூக்கைச் சிந்துவார்கள். எனக்கு அவர்களைப் பிடிக்கும்.

இந்த ஆள் அப்படி எதுவும் செய்யவில்லை. முற்றத்தைக் காலால் அளந்தான். சுவரைத் தட்டிப் பார்த்தான். சமையலறைச் சுவரை இடித்தால் மாடி தாங்குமா என்று கேட்டான். எதிர்வீட்டு சக்கீனாவின் ஆடு அவனுடைய செய்தித்தாளைத் தின்றுவிட்டது, அதற்குக்கூட அவன் கோபப்படவில்லை. தன் செய்தித்தாளை ஆடு தின்றும் கோபம் வராதவன் வேறு யாருடைய காரியமாகவோ வந்திருக்கிறான் என்று அப்போதே நினைத்தேன். கிளம்பும்போது சொன்னான், "ஹெஷ்மத் சார் சொன்னதைவிட வீடு உறுதியாவே இருக்கு."

தெஹ்ரானில் ஆயிரம் ஹெஷ்மத் இருக்கலாம். என் வீட்டுச் சுவரைத் தட்டிப்பார்க்க ஆள் அனுப்புகிற ஹெஷ்மத் ஒருத்தன்தான்.

வீட்டை விற்கப் பார்க்கிறாயா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று எழுது. டெலிபோன் ஆபீசுக்குக் கூப்பிடாதே. அங்கே நான் ஹலோ சொல்வதற்குள் ரொட்டிக்கடையில் விஷயம் தெரிந்துவிடுகிறது.

அக்கா
தூரான்


தெஹ்ரான்
ஓர்திபெஹெஷ்த் 9, 1374

மதிப்பிற்குரிய அக்கா தூரான் அவர்களுக்கு,

உயிரோடு இருக்கும் ஹெஷ்மத் எழுதுவது. தங்கள் கடிதம் கிடைத்தது. அல்வா விஷயத்தை நான் பெரிதுபடுத்த விரும்பவில்லை. என் மனைவி அக்தஸ் விரும்புகிறாள்.

தங்கள் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன், அப்பாவின் நாற்பதாம் நாளன்று நடந்ததை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. முற்றம் நிறைய உறவுக்காரர்கள். நான் கையை மார்பில் வைத்து, "அக்கா, வீட்டுல என் பங்கும் உன்னோடதுதான், உன் தகுதிக்கு இது ஒண்ணுமே இல்ல" என்றேன். முறையாக வளர்ந்த யாராக இருந்தாலும், ஐயோ அதெப்படி, வேண்டாம் என்பார்கள். நான் மறுபடி சொல்வேன். நீங்கள் மறுபடி மறுப்பீர்கள். மூன்றாம் தடவை நீங்களும் அழுவீர்கள், நானும் அழுவேன். பிறகு பெரியவர்கள் உட்கார்ந்து, ஆணுக்கு இரண்டு பெண்ணுக்கு ஒன்று என்று முறைப்படி பிரித்துக் கொடுப்பார்கள். நாடு முழுக்க இப்படித்தான் நடக்கிறது.

நீங்கள் என்ன செய்தீர்கள்? நான் வாயை மூடுவதற்குள், "சரி தம்பி, நல்லா இரு" என்று சொல்லிவிட்டுச் சோறு வெந்ததா என்று பார்க்கப் போய்விட்டீர்கள். சித்தப்பா இருமிக்கொண்டே இருந்தார். இன்றைக்கும் நம் குடும்பத்தில் யாராவது எதையாவது எடுத்துக்கொள்ளச் சொன்னால், "பார்த்துச் சொல்லு, தூரான் பக்கத்துல இருக்கா" என்று சிரிக்கிறார்கள். அன்று மாலை நான் கிளம்பினேன். புகைபோக்கி துடைக்க வருகிறவன் போனாலும் பின்னாலேயே ஒரு கிண்ணம் தண்ணீர் ஊற்றி, போய்த் திரும்பி வா என்று வழியனுப்புகிறவர் நீங்கள். என் காருக்குப் பின்னால் ஊற்றவில்லை. கோம் ஊர் வரும்வரை அக்தஸ் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

பத்திரம் எதுவும் எழுதவில்லை. சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு என்னுடையது. இப்போது முடிவு செய்யப்பட்டுவிட்டது. வீடு என் மேலதிகாரி இன்ஜினியர் ஸர்ராபி அவர்களுக்குப் போகிறது. வந்தவர் அவருடைய கட்டட வேலைக்காரர். இன்ஜினியருக்கு நரம்புத் தளர்ச்சி. வாரக் கடைசியில் சின்ன ஊர் ஒன்றில் அமைதியாக இருக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருக்கிறார். இந்த மாதம் 28, வியாழக்கிழமை, மனைவியோடு வந்து தங்குவார். மரியாதையாக நடந்துகொள்ளுங்கள். உங்கள் கேலி எதுவும் வேண்டாம்.

உங்களுக்குக் காஷானில் மூன்றாவது மாடியில் இரண்டு அறை பார்த்திருக்கிறேன். அடுத்த மாதம், கோர்தாத் கடைசிக்குள் மாறிவிடலாம். எல்லாம் முடிவு செய்யப்பட்டுவிட்டது.

இப்படிக்கு
ஹெஷ்மத்


நியாசர்
ஓர்திபெஹெஷ்த் 13, 1374

தம்பி,

மூன்றாவது மாடியா? என் முழங்காலைக் கேட்டாயா? ஒரு தடவை ஏறினால் அப்புறம் என்னைப் பெட்டியில் வைத்துத்தான் இறக்க வேண்டும்.

நீ எவ்வளவோ எழுதியிருக்கிறாய். அந்த ஆள் உனக்கு என்ன தருகிறான் என்று மட்டும் ஒரு வார்த்தை இல்லை. ஆட்டை விற்கிறவன்கூட அது வெள்ளையா கறுப்பா என்று சொல்வதற்கு முன்னால் விலையைச் சொல்வான். நீ விற்கவில்லை. வேறு ஏதோ செய்து வைத்திருக்கிறாய். "முடிவு செய்யப்பட்டுவிட்டது" என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறாய். சின்ன வயசில் பள்ளிவாசல் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு வந்தபோதும் நீ இப்படித்தான், கேட்காமலே இரண்டு தடவை சொன்னாய், நான் அந்தப் பக்கமே போகலை, நான் அந்தப் பக்கமே போகலை என்று.

கேலியை விட்டுவிட்டுச் சொல்கிறேன். என் புருஷன் போன பிறகு இந்த மூன்று அறைகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. அப்பா படுக்கையில் கிடந்த ஆறு வருஷமும் நான்தான் அவரைத் திருப்பிப் படுக்க வைத்தேன். நீ வெள்ளிக்கிழமை வந்து, வாதுமை மரத்தடியில் ஒரு தூக்கம் போட்டு, நெஞ்சு நிறையக் காற்று வாங்கிக்கொண்டு போனாய். இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரக்கடைசி விருந்தாளி நீதான், தெரியுமா? காஷான் மாடியில் நான் யாருக்கு விரிப்பு உதறிப் போடுவேன்?

ரோஜா அறுவடை ஆரம்பித்துவிட்டது. ஊரே பன்னீர் காய்ச்சுகிறது. எல்லா அறைக்கும் ஆள் சொல்லியாகிவிட்டது. எனக்கு உன்னோடு சண்டை போட நேரம் இல்லை. உண்மையை எழுது.

தூரான்


தெஹ்ரான்
ஓர்திபெஹெஷ்த் 17, 1374

அக்கா,

வீட்டில் எழுதினால் அக்தஸ் படித்துவிடுவாள் என்று ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ கண்டுபிடித்தது சரி. விற்கவில்லை. கொடுத்துவிட்டேன்.

புத்தாண்டு விடுமுறை முடிந்து இன்ஜினியர் வேலைக்குத் திரும்பினார். மனுஷன் தூங்கிப் பல மாதம் ஆகியிருந்தது. அவர் அறைக்கு நான் டீ கொண்டுபோனேன். ஏதாவது நல்ல பேச்சுப் பேசலாமே என்று நம் வீட்டுப் போட்டோவைக் காட்டினேன், முற்றமும் தண்ணீர்த் தொட்டியும் மரமும் தெரியுமே, அந்தப் போட்டோ. டீ ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன வீடுய்யா இது" என்றார். நான் கையை மார்பில் வைத்து, "உங்க தகுதிக்கு இது ஒண்ணுமே இல்ல சார், உங்களோடதுதான்" என்றேன்.

ஒரு நாளைக்கு இதை எத்தனை பேரிடம் சொல்கிறோம், அக்கா. டாக்ஸிக்காரன் சொல்கிறான், பழக்கடைக்காரன் சொல்கிறான். அதற்காக யாராவது காசு கொடுக்காமல் இறங்கிப் போகிறார்களா? அவர் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஹெஷ்மத், நிஜமாவா சொல்றீங்க?" என்றார். அறையில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். நான் எப்படி இல்லை என்பேன்? "நிஜமாத்தான் சார்" என்றேன். விலை என்று அவர் ஆரம்பித்தார். அந்த வார்த்தையையே எடுக்காதீர்கள் என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று என்னைக் கேட்காதே. வாய் தானாகச் சொன்னது.

இப்போது ஆபீஸ் முழுக்கத் தெரியும். என்னைப் போல ஒருத்தன் இந்தக் காலத்தில் உண்டா என்கிறார். எங்கள் பிரிவை வேறொன்றோடு சேர்க்கிறார்கள். பாதிப் பேரைத் தெற்குக் கோடியில் இருக்கிற பந்தர் அப்பாஸுக்கு அனுப்பப் போகிறார்கள். அந்தப் பட்டியல் அவர் மேஜையில் இருக்கிறது. அவர் பழிவாங்குகிற ஆள் இல்லை. ஆனால் நான் மரியாதைக்குச் சொன்னேன் என்று இப்போது வாயைத் திறந்தால், எல்லோர் முன்னாலும் அவருக்குத் தலைகுனிவு. அந்தத் தலைகுனிவோடு அவர் பேனாவை எடுத்தால் என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியாது. என் மகளுக்குப் பள்ளிப் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது.

அவர் வரும்போது வீட்டைப் பற்றி நீயாக ஒரு வார்த்தைகூட எடுக்கக் கூடாது. அப்பா கல்லறை மேல் ஆணை. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

நாற்பதாம் நாள் உன்னிடம் பேசியதும் இதே வாய்தான். அதுவும் எனக்குத் தெரிகிறது.

ஹெஷ்மத்


நியாசர்
ஓர்திபெஹெஷ்த் 30, 1374

தம்பி,

உட்கார்ந்துகொண்டு படி. பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துக்கொள்.

ஆணையைக் காப்பாற்றினேன். வீட்டைப் பற்றி நானாக வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் பேசினேன், அது எல்லாம் முடிந்த பிறகு.

வியாழன் மதியம் வெள்ளை பெஜோ காரில் வந்து இறங்கினார்கள். உன் இன்ஜினியர் பிழிந்து போட்ட துணி மாதிரி இருந்தார். அவர் மனைவி நல்ல பெண்பிள்ளை. மாடி அறையைக் கொடுத்தேன். அவர் வீட்டைச் சுற்றி வந்து, இந்தச் சுவரை எடுத்துவிடலாம், இங்கே ஒரு ஜன்னல் வைக்கலாம் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க இங்க ரொம்ப நாளா வேலை பார்க்கறீங்களா?" என்று கேட்டார். வீட்டுக்குள் ஓர் அக்கா இருக்கிறாள் என்பதையே நீ சொல்லவில்லை, என் ராஜா. பிறந்ததிலிருந்து பார்க்கிறேன் என்றேன்.

இஸ்ஃபஹான் டீச்சரம்மாவும் புருஷனும் அன்றைக்கு வந்திருந்தார்கள். ராத்திரிச் சாப்பாட்டில் டீச்சரம்மா அவரிடம், நீங்கள் தங்கியிருக்கிற அறையில் உள்ள போட்டோ இவங்க தம்பி ஹெஷ்மத், பாவம், இளம் வயசிலேயே போய்விட்டார் என்றாள். இன்ஜினியர் ரொட்டியைக் கீழே வைத்தார். "ஹெஷ்மத்தா? நேத்து எனக்கு டீ கொண்டுவந்து வெச்சாரே" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அப்படியா, பிழைச்சுட்டானா? ஆண்டவனுக்கு நன்றி" என்று சொல்லிவிட்டு நான் சூப் பாத்திரத்தைப் பார்க்க உள்ளே போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது டீச்சரம்மா என்னோடு பேசவில்லை. அவர் மட்டும், "அப்ப நீங்க ஹெஷ்மத்தோட அக்காவா?" என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். வீட்டைப் பற்றித் தம்பி ஏதாவது சொன்னாரா என்றார். என் தம்பி என்னிடம் எதையும் சொல்வதில்லை என்றேன். அவர் தொட்டித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் படுக்கப் போனார்.

மறுநாள் வெயில் ஏறின பிறகு அவர் மனைவி மட்டும் சமையலறைக்கு வந்தாள். கண்ணில் தண்ணீர். "இன்னும் தூங்கறார். போன இலையுதிர் காலத்துக்கப்புறம் இப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்ல" என்றாள்.  கெட்ட ஆளாக இருந்திருந்தால் சுலபம். தூக்கம் கிடைத்த இடத்தை எந்த மனுஷன் விடுவான்?

வெள்ளிக்கிழமை மதியம் மரத்தடியில் விரிப்புப் போட்டு எல்லோருக்கும் சாப்பாடு. கறியும் கொண்டைக்கடலையும் சேர்த்து இடித்துக் கொடுத்தேன். சக்கீனா வந்திருந்தாள், மினிபஸ் சஃபரும் உட்கார்ந்திருந்தான். வாசல் வழியே அந்த வெள்ளைக் கார் பளபளவென்று தெரிந்தது. என்ன அழகான காருங்க என்றேன். சும்மாதான் சொன்னேன் என்று உனக்குச் சொல்ல ஆசை, ஆனால் இல்லை. அவர் வாய் நிறையச் சோறு. கை தானாக மார்புக்குப் போனது. "உங்க தகுதிக்கு இது ஒண்ணுமே இல்லீங்க, உங்களோடதுதான்" என்றார்.

"சரி" என்றேன்.

சாவி உப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுத்து நான் போர்த்தியிருந்த சாதர் முனையில் வைத்து இரண்டு முடிச்சுப் போட்டேன். ரொம்ப நாளாகவே ஒரு வண்டி வேண்டும் என்றிருந்தேன் என்றேன்.  சக்கீனாவின் ஆடு எதையோ மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. இன்ஜினியர் லேசாகச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சஃபரைப் பார்த்து, எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தருவாயா என்றேன். அந்த மடையன் நிஜமாகவே யோசித்து, "நீளமான வண்டி, சந்துல திருப்பறதுதான் கஷ்டம். முதல்ல மைதானத்துல பழகலாம்" என்றான்.

டீ கொடுத்தேன். மறுபடி டீ கொடுத்தேன். வெள்ளரிக்காய் வெட்டிக் கொடுத்தேன். நான் எங்கே போனாலும் அவர் கண் என் சாதர் முனையிலேயே இருந்தது. டீச்சரம்மா மூட்டை கட்டிவிட்டாள். சஃபர் ஹாரன் அடித்தான். இன்ஜினியரின் மனைவி அவர் விலாவில் இடித்தாள். அவர் சமையலறை வாசலுக்கு வந்து, தூரான் அம்மா, நேரமாகிவிட்டது என்றார். "ஆமாங்க. மினிபஸ்ல ரெண்டு இடம் சொல்லி வெச்சிருக்கேன்" என்றேன்.

நீ நம்புவாயோ மாட்டாயோ, என் கண் முன்னால் உன் பந்தர் அப்பாஸ், உன் மகள், அக்தஸின் மூஞ்சி எல்லாம் வந்து போயின. இப்போதே சாவியைக் கொடுத்துவிடலாமா என்று முடிச்சில் கையும் வைத்துவிட்டேன். மினிபஸ் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். பிறகு, "நான் மரியாதைக்குச் சொன்னேங்க" என்றார்.

"தெரியுங்க. எங்க தம்பியும் ரொம்ப மரியாதையானவன்."

அவ்வளவுதான் சொன்னேன். அவர் முகம் சிவந்தது, அப்புறம் வெளுத்தது. தலையைக் கையில் வைத்துக்கொண்டார். போச்சு, உன் பெயரைப் பட்டியலில் எழுதிவிட்டான் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து மனைவி ஓடி வந்தாள். மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்து முடித்து, "முப்பது வருஷமா யார் எதைக் குடுத்தாலும் வேண்டாம் வேண்டாம்னே சொல்லி வந்திருக்கேன். அன்னிக்கு வேண்டாம்னு சொல்லக்கூட எனக்குத் தெம்பு இல்ல" என்றார்.

நான் முடிச்சை அவிழ்த்து, டீ டம்ளரோடு சாவியையும் அவர் முன்னால் வைத்தேன். அப்போதுதான் அந்த ஒரு வாக்கியம் பேசினேன். "வீடு உங்களோடதுதாங்க, வியாழக்கிழமை மத்தியானத்துலேர்ந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும்."

எந்த அறை என்று கேட்டார். அதே மாடி அறைதான், வேண்டுமானால் தம்பி போட்டோவைக் கழற்றிவிடுகிறேன் என்றேன். "இருக்கட்டும். அவர் முறைக்கறதைப் பார்த்தா எனக்குத் தூக்கம் வருது" என்றார். அவர் காருக்குப் பின்னால் ஒரு கிண்ணம் தண்ணீர் ஊற்றினேன்.

உன்னைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. பட்டியலைப் பற்றியும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. கெடுத்துவிட்டேன் என்றால் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன்.

இன்னொன்று. நாற்பதாம் நாள் நான் ஏன் உடனே சரி என்றேன் தெரியுமா? மரியாதை தெரியாமல் இல்லை. நான் ஒரு தடவை வேண்டாம் என்று சொல்லி, நீ அதோடு நிறுத்திக்கொண்டால் நான் எங்கே போவேன்? அந்தப் பயம். ரெண்டாம் தடவை நீ சொல்வாயா என்று பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

தூரான்


தெஹ்ரான்
கோர்தாத் 3, 1374

அக்கா,

உன் கடிதம் வருவதற்கு முன்பே சனிக்கிழமை காலையில் இன்ஜினியர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். பிரிவே பார்த்துக்கொண்டிருக்க, கதவைச் சாத்தச் சொன்னார். 

"உங்க அக்கா சௌக்கியமா இருக்காங்க" என்றார். பிறகு கொஞ்ச நேரம் தாளைப் புரட்டினார். "நீங்க இறந்துட்டதா கேள்விப்பட்டேன்" என்றார்.  மன்னித்துவிடுங்கள் என்றேன். "இனிமே எனக்கு எதைக் குடுக்கறதா இருந்தாலும் உங்க அக்காவைக் கேட்டுட்டுக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போகச் சொன்னார். அவ்வளவுதான். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் பட்டியல் ஒட்டிவிட்டார்களா என்று அறிவிப்புப் பலகையையே போய்ப் போய்ப் பார்த்தேன். உன் கடிதம் வந்ததும், கார்ச் சாவி இடத்தைப் படித்துவிட்டு ஆபீஸ் கழிப்பறையில் போய் நின்றேன். நீ எதிரில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. என் கழுத்தை வைத்துச் சூதாடியிருக்கிறாய்.

நேற்றுப் பட்டியல் ஒட்டினார்கள். என் பெயர் இல்லை. எனக்காகச் செய்யவில்லை, பள்ளி முடிக்கப்போகும் பிள்ளைகள் உள்ள யார் பெயரும் இல்லை. நம் விஷயம் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே அப்படித்தான் எழுதி வைத்திருந்தாராம்.

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியை அக்தஸிடம் படித்துக் காட்டினேன்.  ரெண்டாம் தடவை நீங்கள் சொல்லியிருப்பீர்களா என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை, அக்கா. அப்போதிலிருந்து யோசிக்கிறேன். அதையும் உனக்குப் பொய் சொல்லாமல் எழுதுகிறேன்.

11ஆம் தேதி வியாழக்கிழமை மூன்று பேரும் வருகிறோம். டீச்சரம்மா அந்த வாரம் வருகிறாளா என்று முன்கூட்டியே எழுது.

ஹெஷ்மத்


நியாசர்
கோர்தாத் 14, 1374

உயிரோடு இருக்கும் தம்பி ஹெஷ்மத்துக்கு,

உன் கோட்டுச் சட்டையைச் சஃபரிடம் கொடுத்தனுப்புகிறேன். அதோடுதான் இந்தக் கடிதம்.

நீங்கள் போன பிறகு வீடு வெறிச்சென்று கிடக்கிறது. உன் மகள் மறந்துபோன ரிப்பன் தொட்டி ஓரத்தில் இருந்தது, எடுத்து வைத்திருக்கிறேன். டீச்சரம்மா உன்னை நேரில் பார்த்ததிலிருந்து என்னை மன்னித்துவிட்டாள். ஆனால் அல்வா பாத்திரத்தைத் திருப்பிக் கேட்கிறாள்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டில் நீ எல்லோர் முன்னாலும் கையை மார்பில் வைத்து ஆரம்பித்தபோது என் கையிலிருந்த கரண்டி நின்றுபோனது. உனக்குத் தெரிந்திருக்காது. "அக்கா, இந்த வீட்டுல என் பங்கும் உன்னோடதுதான்" என்றாய். இந்தத் தடவை நான் முறைப்படி வேண்டாம் என்றேன். மறுபடி சொன்னாய். வேண்டாம் என்றேன். மூன்றாம் தடவை சொன்னாய், மூன்றாம் தடவையும் வேண்டாம் என்றேன். அப்புறம் நீ டீயை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தாய். அந்த வாரமும் வந்திருந்த இன்ஜினியர் என்னைப் பார்த்தார், அக்தஸ் உன்னைப் பார்த்தாள். சக்கீனா ஒரு சர்க்கரைக் கட்டியை வாயில் போட்டுக் கடிக்காமல் வைத்திருந்தாள். அந்த ஒரு டம்ளர் டீ முடியும்வரை நான் காஷானில் மூன்றாவது மாடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நீ நாலாவது தடவை சொன்னாய். நாலாவது தடவை சொல்ல வேண்டும் என்று எந்த மரியாதையும் கிடையாது. அதனால்தான் சோறு பார்க்கிற சாக்கில் உள்ளே போனேன். சோறு ஏற்கெனவே வெளியில்தான் இருந்தது.

மாடி அறை இன்ஜினியருக்கு. தோட்டத்துப் பக்கத்து அறை உனக்கு, எந்த வியாழக்கிழமையும் சொல்லாமல் வரலாம். உன் போட்டோவை இறக்கவில்லை, அவர் விடமாட்டேன் என்கிறார்.

தண்ணீர் விஷயத்துக்கு என்னைத் திட்டாதே. அன்றைக்கு ஊற்றாமல் விட்டதற்கும் சேர்த்து இந்தத் தடவை கிண்ணம் போதாது என்று வாளியே எடுத்து வந்தேன். நீ மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுச் சந்து முனையிலிருந்து இறங்கித் திரும்பி வருவாய் என்று யாருக்குத் தெரியும்? போனவர்கள் திரும்பி வரத்தான் ஊற்றுவது. நீ அவசரப்பட்டு முன்னாலேயே வந்து வாளித் தண்ணீரை உடம்பெல்லாம் வாங்கிக்கொண்டாய். என் புருஷனின் கம்பளிச் சட்டை உனக்குப் பொருத்தமாகவே இருந்தது, வைத்துக்கொள்.

கோட்டை வெயிலில் நன்றாகக் காயட்டும் என்று வாசல் சுவர்மேல் போட்டிருந்தேன். இடது கை முழங்கைவரைக்கும் இல்லை. வலது கை அப்படியே இருக்கிறது. சக்கீனா நேற்றெல்லாம் கவலையாக இருந்தாள், இன்று காலையில் வந்து சொன்னாள், ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அக்கா
தூரான்